அரைநாள் மூத்த வேட்டைக்காரர்

விஜயராகவனுக்குப் பல்லி என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி அவரே சொல்லக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். அவருடைய போனில் அவர் பெயருக்குப் பக்கத்தில் மூன்று தங்கக் கொம்புகள் மின்னிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் வேட்டைக்காரர் என்று அதற்கு அர்த்தமாம். போன மழைக்காலத்தில் ரெக்கார்டு ரூம் பீரோவைத் திறந்தபோது ஒரு பல்லி அவர் தோளில் விழுந்தது. மாஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, "செல்வாம்பா! செல்வாம்பா!" என்று அலறினார். செல்வாம்பாள் வந்து துடைப்பத்தால் அதை ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிட்டுப் போனாள். கீழே இறங்கியவர் சட்டையை உதறிக்கொண்டு, "அசைஞ்சா மேல ஏறிடும், அதான் அசையாம நின்னேன். வேட்டையில அதான் ரூல்" என்றார். என்னிடம் சொன்னார். வேறு யாரிடம் சொல்வார்?

நான் நிர்மலாதேவி. அவருக்கு எதிர் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மெமோ வரும், அந்த மெமோவையும் அவரே சந்தோஷமாக டைப் செய்வார். புதுச்சேரியில் இருக்கிற எத்தனையோ அரசு அலுவலகங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் 2003இல் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்கு வீடு நெல்லித்தோப்பு. காலை பத்து மணிக்கெல்லாம் நெற்றியில் விபூதியோடு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் நெட்டப்பாக்கத்திலிருந்து வர வேண்டும். பஸ் வில்லியனூரில் நின்றுவிட்டது. நான் வந்து கையெழுத்துப் போட்டபோது பன்னிரண்டேகால். அவர் முற்பகல், நான் பிற்பகல். தேர்வு மதிப்பெண்ணில் நான்தான் முன்னால். ஆனால் சீனியாரிட்டி பட்டியல் தயாரித்த மகானுபாவர் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம் இருந்ததாம். அது எனக்குத் தெரிந்தது முப்பத்தொன்றாவது நாள்.

அந்த அரைநாளை அவர் இருபத்திரண்டு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறார். பதவி உயர்வு அவருக்கு முதலில், எனக்கு ஆறு மாதம் கழித்து. ஜன்னல் பக்க மேஜை அவருக்கு. காலை பதினொரு மணி டீகூட அவருக்குத்தான் முதலில் வைக்க வேண்டும். ஒருநாள் செல்வாம்பாள் மறந்துபோய் என் மேஜையில் முதலில் வைத்துவிட்டாள். "ஆர்டர்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று கேட்டு, அவளை இரண்டு கிளாஸையும் எடுக்கச் சொல்லி, மறுபடி வைக்கச் சொன்னார். அவள் எடுத்தாள், வைத்தாள். ஆறிப்போன டீயை அவர் ரசித்துக் குடித்தார்.

அவருடைய மற்ற பெருமைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாரபட்சம் என்பீர்கள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவராம், வேட்டை ரத்தத்திலேயே இருக்கிறதாம். அந்தத் தாத்தா பட்டாளத்தில் சமையல் பார்த்தவர் என்று நெல்லித்தோப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சமைப்பது நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெங்காயம் உரித்த ரத்தம் எப்படி வேட்டை ரத்தமாகும்? இப்போது லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் இருக்கிறார். அவர் தெரு முனையில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அதற்காக ஸ்கூட்டரைத் திருப்பி ஏர்போர்ட் ரோடு சுற்றித்தான் ஆபிசுக்கு வருவார். கேட்டால் அந்தப் பக்கம் காற்று நன்றாக இருக்கிறது என்பார்.

இந்த வேட்டை விளையாட்டை எங்கள் செக்‌ஷனுக்குக் கொண்டுவந்தவன் ஷாரிக். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், முப்பது வயது, கெட்டிக்காரன். மதிய இடைவேளையில் அவன் போனில் ஒரு காடு தெரியும். பனி, மரம், குளம்புத் தடம். தடம் பார்த்துப் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனித்து, மிருகம் நம் வாசனையைப் பிடிக்காத திசையில் காத்திருந்து, ஒரே குண்டில் சாய்க்க வேண்டும். சாய்க்கச் சாய்க்கப் புள்ளி. புள்ளி ஏற ஏறப் பட்டம். நோவிஸ், டிராக்கர், ஹன்ட்டர், மாஸ்டர், கடைசியில் லெஜண்ட். ஐந்து படி.

படி என்று ஒன்று இருந்துவிட்டால் போதும், விஜயராகவனுக்கு வாயில் எச்சில் ஊறிவிடும். "ப்ரமோஷன் எத்தினி நாளுக்கு ஒரு வாட்டி?" என்று அவர் ஷாரிக்கைக் கேட்டார். அவருக்கு மானைப் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை.

ஒரு வாரத்தில் 'புதுவை வேட்டையர் சங்கம்' என்று ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டார். கிளப்பில் விளையாட்டு தருகிற நிலைகள் மூன்று: லீடர், ஆபிசர், மெம்பர். லீடர் அவர். ஆபிசர் நான். ஏனென்றால் சீனியாரிட்டியில் அடுத்த ஆள் நான்தான். மெம்பர்கள் ஷாரிக்கும் செல்வாம்பாளும். லீடரும் ஆபிசரும் யாரை வேண்டுமானாலும் தங்கள் நிலை வரைக்கும் உயர்த்தலாம், பெயரைத் தொட்டால் ஒரு பச்சைப் பட்டன் வரும் என்று ஷாரிக் விளக்கினான். நானும் தலையாட்டினேன். ஆபிசர் என்று என் பெயருக்குப் பக்கத்தில் பார்த்தபோது, சும்மா சொல்லக் கூடாது, பிடித்திருந்தது. நிஜ ஆபிசில் அந்தச் சொல் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

மற்றபடி எனக்கும் அந்தக் காட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு முறை போனேன். முதல் முறை வழி தெரியவில்லை. இரண்டாம் முறை ஒரு முயல் என்னைப் பார்த்தது, நான் முயலைப் பார்த்தேன், வெளியே வந்துவிட்டேன்.

விஜயராகவன் வேட்டையாடும் அழகையும் பார்க்க வேண்டும். காற்றும் பார்க்க மாட்டார், தடமும் பார்க்க மாட்டார். தூரத்தில் ஏதாவது அசைந்தால் டப் டப்பென்று சுடுவார். மிருகத்துக்குக் காலிலோ வயிற்றிலோ பட்டு அது நொண்டிக்கொண்டு ஓடும். ரத்தத் தடத்தைப் பிடித்துப் போய் அதை முடிக்க வேண்டும் என்பது விதி. விட்டுவிட்டால் புள்ளி குறையும். அவர் போக மாட்டார். "நெட்வொர்க் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த மிருகத்தைத் தேடுவார். ஆபிசிலும் அவர் வேலை செய்கிற முறை இதுதான். எந்த ஃபைலையும் தொடுவார், எதையும் முடிக்க மாட்டார்.

பிறகு எப்படி மாஸ்டர் ஆனார்? அங்கேதான் செல்வாம்பாள் வருகிறாள்.

செல்வாம்பாளுக்கு நாற்பத்தாறு வயது. சேதராப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். கணவர் அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். இவள் எங்கள் ஆபிசில் பதினேழு வருஷமாகத் தினக்கூலி. பெருக்குவது, ஃபைல் தூக்குவது, டீ வைப்பது, பல்லி விரட்டுவது. நிரந்தரமாக்குகிறோம் என்று சொல்லாத ஆட்சி இல்லை. ஷாரிக்தான் அவளுடைய விரிசல் விட்ட போனில் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். ரெக்கார்டு ரூம் படிக்கட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாடுவாள்.

முதல் மாதத்திலேயே ஷாரிக் வாயைப் பிளந்துவிட்டான். ஒரு மானுக்காக ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் அசையாமல் காத்திருப்பாள். சுட்டால் ஒரே குண்டு. "எப்படிக்கா பொறுமையா இருக்கீங்க?" என்று அவன் கேட்டான்.

"பதினேழு வருஷமா பெல்லு அடிக்குமான்னு பாத்துக்கினே உக்காந்திருக்கிறேன். ஒரு மானுக்கு உக்கார மாட்டேனா?" என்றாள்.

எப்போதாவது குறி தப்பிக் காயப்படுத்திவிட்டால், டப்பாவைத் திறக்காமல் அதன் பின்னாலேயே போவாள். ஒருநாள் இடைவேளை முடிந்து மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. நான் அதட்டினேன். "காயம் பட்டத உட்டுட்டு வரக் கூடாது மேடம். எங்க போயி எவ்ளோ நேரம் துடிக்குமோ" என்று சொல்லி, கண்டுபிடித்து முடித்த பிறகுதான் வந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இனி கணக்கு எளிது. கிளப்பில் யார் வேட்டையாடினாலும் லீடருக்குப் பத்தில் ஒரு பங்கு புள்ளி தானாகப் போய்ச் சேரும். ஆபிசருக்கு இருபதில் ஒன்று. செல்வாம்பாள் படிக்கட்டில் உட்கார்ந்து சாய்த்த மான்களின் பத்தில் ஒரு பங்குதான் விஜயராகவனின் மூன்று தங்கக் கொம்பு. எனக்கும் ஒரு கொம்பு வந்திருந்தது. நான் கேட்கவில்லை, அதுவாக வந்தது.

இப்படி ஒரு யோகம் அடித்தால் வேறு ஆளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பார். இவர் நிர்வாகம் பண்ண ஆரம்பித்தார். ஒரு நீள நோட்டு வாங்கி அதில் கிளப்புக்கு சீனியாரிட்டி பட்டியல் எழுதினார். விளையாட்டில் இல்லாத நிலைகளை அவரே உண்டாக்கினார்: செல்வாம்பாள் 'தினக்கூலி மெம்பர்', ஷாரிக் 'ஒப்பந்த மெம்பர்'. அவர் குறித்து வைத்திருந்த ஒரு காட்டெருமையை ஷாரிக் சுட்டுவிட்டான் என்று, "அனுமதியின்றிச் சுட்டதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்" என்று ஒரு மெமோ. நிஜக் காகிதத்தில். நகல் எனக்கு. ஷாரிக் போனில் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினான். "விளக்கம் திருப்தியளிக்கவில்லை" என்று நோட்டில் ஏற்றினார். நான் படித்துப் பார்த்ததற்கு அடையாளமாகச் சின்னக் கையெழுத்துப் போட்டேன்.

ஷாரிக் அன்றே கிளப்பை விட்டுப் போய்த் தனியாக ஒரு கிளப் ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு என்ன, இளைஞன், ரோஷம் இருக்கிறது. போகும்போது செல்வாம்பாளையும் கூப்பிட்டான். அவள் வரவில்லை. அதற்குக் காரணம் ஒரு முட்டாள்தனம், ஆனால் எங்கள் ஆபிஸ்களில் வேலை பார்க்காதவர்களுக்கு அது புரியாது.

2012இல் எங்கள் ஆபிசுக்கு வந்த ஓர் அதிகாரி, தினக்கூலிகளுக்குத் தொடர்ச்சியான சர்வீஸ் சேரக் கூடாது என்று எல்லோரையும் இரண்டு நாள் நிறுத்தி வைத்து, மூன்றாம் நாள் திரும்ப எடுத்தார். அந்த இரண்டு நாளால் செல்வாம்பாளின் சர்வீஸ் அறுந்துபோனது. அவளுக்குப் பின்னால் வேறு ஆபிஸ்களில் சேர்ந்த பதினோரு பேர் பட்டியலில் அவளுக்கு மேலே போய்விட்டார்கள். அதிலிருந்து 'பிரேக்' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்கு முகம் வெளுக்கும். காய்ச்சலோடு வருவாள், கொழுந்தன் மகள் கல்யாணத்தன்றும் வந்தாள். இந்த விளையாட்டிலோ, கிளப்பில் சேர்ந்து எத்தனை நாள் ஆனது என்று ஒரு மூலையில் காட்டும். அவளுக்கு அப்போதே ஐநூறு நாளுக்கு மேல். கிளப் மாறினால் அது பூஜ்யமாகிவிடும். அந்த எண்ணுக்கும் எதற்கும் சம்பந்தமில்லை, சும்மா அழகுக்குக் காட்டுவது.

விஜயராகவனுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான், "போனா சர்வீஸ் பிரேக் ஆயிடும் செல்வாம்பா, அப்பறம் உன் இஷ்டம்" என்றார். பத்தில் ஒரு பங்கு போய்விடுமே! அவள் மிரண்டு போய் நின்றாள். இவ்வளவு மட்டமான ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன். மனதுக்குள்தான்.

இந்த வருஷம் மார்ச்சில் விவகாரம் முற்றியது. செல்வாம்பாள் நான்காவது படியை எப்போதோ எட்டிவிட்டாள். விஜயராகவனைவிடப் பல மடங்கு புள்ளி. ஐந்தாவது படி, லெஜண்ட், புள்ளியால் வராது. வெள்ளை மலை என்று ஒரு காடு, வருஷத்தில் ஆறு வாரம் மட்டும் திறக்கும். அங்கே ஒரு வெள்ளை மான் இருக்கும். அதை ஒரே குண்டில் சாய்த்தால் லெஜண்ட். ஆனால் அந்த மலைக்குள் கிளப்பின் லீடரும் ஆபிசர்களும்தான் நுழைய முடியும். விஜயராகவன் நாலு முறை போய் நாலு முறையும் மானை விரட்டிவிட்டு வந்தார். நான் போகவே இல்லை. செல்வாம்பாள் மெம்பர், அதனால் வேலிக்கு வெளியே நின்றாள்.

ஒருநாள் டீ கிளாஸ்களை எடுக்க வந்தவள், என் மேஜை ஓரத்தில் தயங்கி நின்றாள்.

"மேடம், எனக்கு ஆபிசர் குடுக்கச் சொல்லி சார் கிட்ட சொல்றீங்களா? மான் சுடற வரைக்கும்தான். அப்பறம் திருப்பி எடுத்துக்கட்டும்."

"அந்த விளையாட்டு பட்டத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. பதினேழு வருஷமா ஒரே எடத்துல நிக்கிறேன் மேடம். இதுலயாவது மேல வரைக்கும் ஏறிப் பாத்துடணும்னு ஒரு ஆச. இதுல யாரும் என்ன ஏத்தி உட வேணாம், நானே சுட்டு ஏறிடுவேன். அந்தக் கேட்டு மட்டும் தொறந்தா போதும்."

விஜயராகவனிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "வாய்ல சொன்னா ஆவுமா? எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. உரிய வழியா வரட்டும்."

அவள் எழுதினாள். கோடு போட்ட தாளில், குண்டு குண்டான எழுத்தில், பதினேழு வருஷமாக ஆபிசுக்கு எழுதிப் பழகிய அதே விண்ணப்பம். 'பெறுநர்: தலைவர் அவர்கள், புதுவை வேட்டையர் சங்கம். வழி: ஆபிசர் அவர்கள். பொருள்: வெள்ளை மலைக்குள் செல்ல ஆபிசர் நிலை வழங்க வேண்டுதல் தொடர்பாக. ஐயா, நான் கடந்த 640 நாட்களாக இடைவெளியின்றிப் பணிபுரிந்து வருகிறேன்...' இடைவெளியின்றி என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

வழி நான்தானே. நான் பரிந்துரைக்க வேண்டும். எங்கள் ஆபிசில் பச்சை மை ஆபிசர்களுக்கு மட்டும். நான் கடையில் ஒரு பச்சைப் பேனா வாங்கி வந்தேன். 'பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பச்சையில். அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விஜயராகவன் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பினார். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைத்தான் முதலில் சுட வேண்டும். ஒரு ஃபைலைக் கொல்லாமல் கொல்வதற்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. போய்ப் பேசினேன்.

"இதுக்கு முன்னாடி தினக்கூலிக்கு நேரா ஆபிசர் குடுத்த மாதிரி இருக்கா?" என்றார்.

"சார், இது கேம். முன்னாடின்னு இன்னா இருக்கு? நாம ஆரம்பிச்சதே ரெண்டு வருஷம் முன்னாடி."

"அதான் சொல்றேன். இல்லாத ஒண்ண நாம ஆரம்பிச்சி வெக்கக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒண்ணு யோசிச்சீங்களா? ஆபிசர் ஆனா லிஸ்ட்டுல புள்ளிப்படி வரிசை மாறிடும். உங்களுக்கு மேல அந்தம்மா பேரு வரும். டீ வெக்கறவங்க மேல, நீங்க கீழ. நான் உங்களுக்காகவும்தான் பாக்கறேன்."

என்ன கேவலமான புத்தி! என்னையும் தன்னைப் போல நினைத்துவிட்டாரே என்று காது வரை சூடேறியது. என் மேஜைக்கு வந்தேன். போனை எடுத்துப் பட்டியலைப் பார்த்தேன். முதல் பெயர் அவர். இரண்டாவது நான்.

மலை மூட மூன்று நாள் இருக்கும்போது அவர் லீவு போட்டுவிட்டு மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனார். விண்ணப்பம் அவர் மேஜை டிராயரில். சாவி அவர் பையில். போன் அடித்தால் எடுக்கவில்லை. அவருக்கு இது புதிதல்ல, அசல் ஃபைல்களையும் இப்படித்தான் கெடு தாண்ட வைப்பார். பிறகு 'காலம் கடந்துவிட்டதால் பரிசீலிக்க இயலவில்லை' என்று ஒரு வரி. அவர் கை சுத்தமாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மலை மூடுகிறது. மதியம் நான் ரெக்கார்டு ரூம் பக்கம் போனபோது செல்வாம்பாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். டப்பா திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

போனில் ஒரு மர வேலி. அதற்கு அந்தப் பக்கம், விரிசலுக்குக் கீழே, பனியில் அந்த மான் மேய்ந்துகொண்டிருந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. வேலியைத் தொட்டால் 'ஆபிசர்களுக்கு மட்டும்' என்று சிவப்பில் ஒரு வரி வந்து மறைந்தது.

"பாருங்க மேடம், அது எவ்ளோ கிட்ட இருக்குது. காத்துகூட அங்கேர்ந்து நம்ம பக்கம்தான் அடிக்குது. நம்ம இருக்கறது அதுக்குத் தெரியாது. ஒரு குண்டு போதும்." கொஞ்ச நேரம் கழித்து, "சார் போன எடுத்தாரா?" என்று கேட்டாள்.

"எடுக்கல செல்வாம்பா. நான்தான் பரிந்துரை பண்ணி அனுப்பிட்டேனே. அதுக்கு மேல நான் இன்னா பண்ண முடியும்?"

"நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம்" என்றாள்.

என் போன் என் மடியில் இருந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவள் எழுந்து தண்ணீர் கேன் மாற்றப் போனாள். ஐந்தரைக்கு நான் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மலை மூடிவிட்டது என்று போனில் ஒரு செய்தி வந்தது. விஜயராகவனை மனதாரத் திட்டினேன். வீடு போய்ச் சேரும் வரைக்கும் திட்டினேன். திட்டத் திட்ட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

திங்கட்கிழமை காலை, ஷாரிக்கின் கம்ப்யூட்டர் மேஜை ஓரத்தில் செல்வாம்பாள் நின்றிருந்தாள். நடந்ததைச் சொல்லியிருக்கிறாள் போல. அவன் தன் போனில் எதையோ தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே வந்ததும் அவன் கையை இறக்கிக்கொண்டு மானிட்டரைப் பார்த்தான். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"மேடம், அந்தப் பச்சைப் பட்டன் ஆபிசருக்கும் உண்டாமே?"

நான் பையை மேஜையில் வைத்தேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

"ஒங்க போன்லயும் இருந்துச்சா?"

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஷாரிக் அங்கேயே உட்கார்ந்திருந்தான். எனக்கு விளக்கிச் சொன்னவனே அவன்தான்.

"இருந்துச்சு" என்றேன்.

"வெள்ளிக்கெழம படிக்கட்டுல உக்காந்தப்பவும்?"

"ம்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த ஏதாவது கிடைத்திருக்கும். புடவைத் தலைப்பில் போனைத் துடைத்தாள். கிளப்பின் பக்கத்தைத் திறந்தாள். 'வெளியேறினால் உங்கள் 660 நாட்கள் அழிந்துவிடும், சம்மதமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டதை ஷாரிக்கிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பிரேக் ஆனா ஆவட்டும்" என்று சொல்லி அழுத்தினாள். பதினேழு வருஷத்தில் தன் சர்வீஸை அவளே அறுத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. மான் அடுத்த வருஷம்தான் வரும். ஷாரிக் அங்கேயே அவளைத் தன் கிளப்பில் சேர்த்து, அடுத்த நொடியே ஆபிசர் ஆக்கினான். மூன்று விநாடிகூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை விஜயராகவன் லீவு முடிந்து வந்தார். ஏர்போர்ட் ரோடு சுற்றித்தான் வந்திருப்பார். உட்கார்ந்ததும் போனைப் பார்த்து முகம் சுருங்கிப்போனார். செல்வாம்பாள் போனதோடு அவள் சாய்த்த புள்ளியெல்லாம் கிளப் கணக்கிலிருந்து போய்விட்டது, மிச்சம் ஒரு முயல்கூட இல்லை. குறைந்தபட்சப் புள்ளி இல்லாததால் கிளப்பைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள், அவருடைய மூன்று கொம்பில் ஒன்று போய்விட்டது. "முன்னறிவிப்பு குடுக்காம எப்டி வெளிய போவாங்க? ஒழுங்கு நடவடிக்கை எடுக்கணும் மேடம். குறிப்பு போடுங்க" என்று கத்தினார். நீள நோட்டை என் பக்கம் தள்ளினார். அதில் இனி இரண்டே பெயர்கள்தான். முதலில் அவர், இரண்டாவது நான். நான் நோட்டைத் தொடவில்லை. தொடாததை ஒரு வீரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு செல்வாம்பாள் டீ கொண்டுவந்தாள். வழக்கமாக ஜன்னல் பக்கம் போய் அவருக்கு வைத்துவிட்டுத்தான் திரும்பி என்னிடம் வருவாள். அன்று எங்கள் இரண்டு மேஜைக்கும் நடுவில் வந்து நின்றாள். தட்டை நாற்காலியில் வைத்தாள். இரண்டு கையிலும் ஒவ்வொரு கிளாஸை எடுத்து, இரண்டு மேஜையிலும் ஒரே நேரத்தில் வைத்தாள்.

"இன்னா செல்வாம்பா, ஆர்டர் மறந்துபோச்சா?" என்றார் விஜயராகவன்.

"மறக்கல சார். இனிமே இப்டித்தான் வெப்பேன். ஒங்க ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்?"

அவள் என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த செக்‌ஷனுக்குப் போய்விட்டாள்.

அவருக்குச் சமமாக என்னை வையுங்கள் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். விஜயராகவன் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். என் டீ ஆறிப்போகும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.